கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள்



இந்த மேசைமேல் விரித்திருக்கும் கம்பளத்தைப் பாருங்கள். ஆறடி நீளம், நாலடி அகலம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், தையல் மெஷின்களுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் நடுவே கிடந்தது. வாங்கி வந்த நண்பர் இன்றைய கூட்டத்துக்காகக் கொடுத்திருக்கிறார். விற்றவர் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “பெர்சியா சார். நூறு வருஷம் சார்.” எங்கே நெய்தது, எப்போது நெய்தது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தயாராக வந்துவிட்டது. அந்த விடையை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தப் புழுக்கத்தில் கம்பளி விரிப்பு யாருக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் தாம்பரத்தையும் சுற்றுப்புறத்தையும் போலக் கம்பளங்கள் பல வழிகளில் வந்து சேர்ந்த இடங்கள் தமிழ்நாட்டில் குறைவு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கன்டோன்மென்ட் பங்களாக்கள் இருந்தன. ரயில்வே வந்தது, ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பேராசிரியர்கள் கூடவே வந்தார்கள். விமானப்படை நிலையம் இருக்கிறது. ஸ்ரீநகரிலும் லேவிலும் பணியாற்றி ஓய்வு பெற்றுச் சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர்கள்.

இந்த வழிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வகைக் கம்பளத்தைக் கொண்டுவந்தன. ஸ்ரீநகர் வழியாக வந்தது பெரும்பாலும் காஷ்மீர் வேலை. துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்தவற்றில், எண்கோணப் பூக்கள் வரிசையாக நிற்கும் ‘புகாரா’ வகையைப் பார்க்கலாம். பெயர்தான் மத்திய ஆசியாவின் புகாரா. நெய்தது பெரும்பாலும் லாகூர்ப் பக்கம். மைசூருக்கு அப்பால் பைலகுப்பேயில் 1960-களின் தொடக்கத்தில் குடியேறிய திபெத்திய அகதிகளும் கம்பளம் நெய்தார்கள். டிராகனும் தாமரையும் போட்ட அந்த விரிப்புகளைச் சுற்றுலா போனவர்கள் வாங்கி வந்தார்கள். ஆகவே ஒரு கம்பளத்தைப் பார்க்குமுன் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்தப் பதில் பாதி வேலையை முடித்துவிடும். சந்தைக்கு வந்துவிட்ட பொருளில் அழிந்துபோவது இந்தச் சாட்சிதான்.

இனி கம்பளத்தைத் திருப்பிப் போடுவோம். மேல்பக்கம் வடிவத்தைச் சொல்லும். வடிவத்தை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். ஈரானின் கிர்மான் பூவை உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரில் நெய்தார்கள், துர்க்மேனியர் சின்னத்தை லாகூரில் நெய்தார்கள். கை பழகிய விதத்தை அப்படி மாற்றிக்கொள்வது கடினம். அது தெரிவது பின்பக்கத்தில்.

முதலில், இது முடிச்சுப் போட்டு நெய்ததுதானா? பின்பக்கத்தில் கெட்டித் துணி ஒட்டியிருந்தால் அது நெய்த கம்பளமே அல்ல. துணியில் கம்பளி இழைகளைக் குத்தி ஏற்றி, ரப்பர் பால் பசை தடவி, மேலே இன்னொரு துணி ஒட்டியது. சில வருஷத்தில் அந்தப் பசை காய்ந்து மாவாகக் கொட்டும். மெஷின் கம்பளத்தைக் குஞ்சத்தில் பிடித்துவிடலாம். கைத்தறிக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம். உடம்புக்குள்ளிருந்தே வெளியே வரும். மெஷின் சரக்கில் அதைத் தனியாகத் தைத்து ஒட்டியிருப்பார்கள். நம் மேசைமேல் இருப்பதில் குஞ்சம் உள்ளிருந்து வருகிறது. பின்பக்கத்தில் பூக்கள் முன்பக்கம் போலவே தெளிவாகத் தெரிகின்றன, வரிசைகள் சற்றே கோணலாகப் போகின்றன. கையால் முடிச்சிட்டதுதான்.

அடுத்தது முடிச்சு. நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இரண்டு பாவு நூலைச் சேர்த்துக் கம்பளி இழையால் ஒரு முடிச்சு; ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி அடித்து இறுக்க வேண்டும். முடிச்சில் முக்கியமாக இரண்டு வகை. இரண்டு பாவையும் சமமாகச் சுற்றி இழையின் இரு நுனியும் நடுவில் வெளிவருவது துருக்கி முடிச்சு. ஒரு பாவை முழுதும் சுற்றி, பக்கத்துப் பாவின் அடியில் மட்டும் நுழைந்து வருவது பாரசீக முடிச்சு. துருக்கியிலும் காகசஸ் மலைநாட்டிலும் முதல் வகை. இந்தியாவில் பெரும்பாலும் இரண்டாவது. ஈரானுக்குள்ளேயே இரண்டும் உண்டு என்பதால் முடிச்சை மட்டும் வைத்து ஊரைச் சொல்லக்கூடாது. திபெத்தியர் முறை தனி: தறியின் குறுக்கே ஒரு கம்பியை வைத்து, இழையை அதன்மேலும் பாவிலும் மாறிமாறிச் சுற்றி, பிறகு கம்பியை ஒட்டி இழையை அறுப்பார்கள்.

முடிச்சை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. பின்பக்கத்தில் ஒரு முடிச்சு பல சமயம் இரண்டு புடைப்பாகத் தெரியும். பூவின் மெல்லிய கறுப்புக் கோடு போன்ற ஒற்றை முடிச்சு வரிசையைத் தேடிப் பிடியுங்கள். ஒரே நிறத்தில் அடுத்தடுத்து இரண்டு புடைப்பு இருந்தால் அது ஒரே முடிச்சு. இது தெரியாதவர்கள் எண்ணிக்கையை இரட்டிப்பாகச் சொல்வார்கள். விற்பவர்கள் தெரிந்தே சொல்வதும் உண்டு. இதோ, அடிக்கோலை வைக்கிறேன். குறுக்கே ஒரு அங்குலத்துக்கு எட்டு, நெடுக்கே எட்டு. சதுர அங்குலத்துக்கு 64. காஷ்மீர்க் கம்பளி வேலையென்றால் பதினாறுக்குப் பதினாறு, பதினெட்டுக்குப் பதினெட்டு என்று போகும். அதாவது 250-க்கு மேல். இது காஷ்மீர் இல்லை.

முடிச்சு நெருக்கம் வயதைக் காட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காட்டாது. உலகில் இன்று கிடைத்துள்ள மிகப் பழைய முழுக் கம்பளம் சைபீரியாவின் பசிரிக் பள்ளத்தாக்கில், பனியில் உறைந்த கல்லறையிலிருந்து 1949-இல் எடுக்கப்பட்டது. சுமார் 2,400 ஆண்டுப் பழையது. அதில் சதுர அங்குலத்துக்கு 230 முடிச்சு வரை இருக்கிறது.

நம் கம்பளத்தின் பாவைப் பாருங்கள். பருத்தி, மில் நூல், பல இழைகளை முறுக்கிய தடித்த, சீரான நூல். கம்பளி தடிமனானது, உயரமாக நிற்கிறது. நிறங்கள்: வெளிர்ப் பழுப்புத் தரை, மெரூன், ரோஸ், வெளிர் நீலம், மெல்லிய கறுப்புக் கோடுகள். நடுவில் பூங்கொத்துப் பதக்கம், சுற்றிலும் வெற்றிடம். பிரெஞ்சு மாளிகைகளுக்கு ஏற்ற பாணி. பாரசீக முடிச்சு. இத்தனையும் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தின் பதோஹி–மிர்சாப்பூர் வட்டாரத்தைக் காட்டுகின்றன. ஏற்றுமதிக்காக அங்கே இப்படி ஏராளமாக நெய்தார்கள். மூலையில் நாலு தையல் மிச்சம் ஒரு சிறு செவ்வகமாக நிற்பதைக் கவனியுங்கள். அங்கே ஒரு துணிச்சீட்டு இருந்திருக்கிறது; யாரோ பிரித்துவிட்டார்கள். அந்தச் சீட்டு போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இங்கே நம் பக்கத்துக் கம்பளங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பளம் என்றாலே பாரசீகம், காஷ்மீர் என்று ஓடுகிறோம். சோழமண்டலக் கரைக்கும் தக்காணத்துக்கும் சொந்தக் கம்பள மரபு இருந்தது. வாரங்கல், மசூலிப்பட்டினம், ஏலூரு ஆகிய ஊர்களில் கம்பளம் நெய்தார்கள். தமிழ்நாட்டில் வாலாஜாபேட்டையிலும், தஞ்சாவூருக்குப் பக்கத்து அய்யம்பேட்டையிலும் நெய்தார்கள். வேலூர் மத்திய சிறையில் கைதிகள் நெய்தார்கள். 1908-இல் ஹென்றி ஹாரிஸ் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றி ஒரு தனி நூலே எழுத, சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது. ஒரு நூல் எழுதும் அளவுக்கு இருந்த தொழிலை நாம் அடியோடு மறந்துவிட்டோம். பவானி ஜமக்காளம் இன்றும் பிழைத்திருக்கிறது. ஆனால் அது முடிச்சில்லாத தட்டை நெசவு, வேறு வகை.

இந்த மறதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்தின் கியோன் விழாவில் தேர்களுக்கு அலங்காரமாகப் பழைய கம்பளங்களைத் தொங்கவிடுவார்கள். அவற்றில் ஒரு பகுதி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தக்காணத்தில் நெய்யப்பட்டவை என்று ஆய்வாளர்கள் நெசவையும் வடிவத்தையும் ஒப்பிட்டுக் கண்டறிந்தார்கள். டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் வழியாக அவை அங்கே போயின. கியோட்டோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வைத்ததால் மிஞ்சின. நெய்த மண்ணில் அவற்றை நினைத்துப் பார்க்க ஆளில்லை.

வாலாஜாபேட்டை அல்லது வேலூர்க் கம்பளம் ஒன்று தாம்பரத்துப் பரணில் இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? கம்பளியைத் தொட்டுப் பாருங்கள். தென்னாட்டு ஆட்டு ரோமம் முரடு. திருச்சி கருப்பு ஆட்டின் ரோமத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். நடுநடுவே சாயம் ஏறாத, சொரசொரப்பான வெள்ளை மயிர் தலைகாட்டும். காஷ்மீர்க் கம்பளியின் வழவழப்பு இருக்காது. இன்னொன்று: தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பு போட்டு உரித்த கம்பளிக்கு மினுமினுப்பு செத்துப்போயிருக்கும், விரலில் தேய்த்தால் நொறுங்கும். நாகல்கேணிப் பக்கம் தோல்தொட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. உயிருள்ள ஆட்டில் கத்தரித்த கம்பளிக்கு ஒரு எண்ணெய்ப் பளபளப்பு உண்டு. வருஷம் ஆக ஆக அது கூடும்.

சிறைக் கம்பளத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆக்ரா, லாகூர், எரவாடா சிறைகளின் கம்பளங்கள் உலகமெங்கும் போயின. விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்துக்காக விக்டோரியா ராணிக்கு ஆக்ரா சிறையில் நெய்த கம்பளம் 1894-இல் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய எண்பதடிக்கு நாற்பதடி, ஒரே துண்டு. அதே சமயம், ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-இல் இந்தியக் கைவினைகளைப் பற்றி எழுதிய நூலில், சிறைகள் மலிவாக நெய்து குவித்து ஊர் நெசவாளிகளின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று கடுமையாகச் சாடினார். அவர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். கூலியில்லாத கையோடு கூலிக்கு நெய்பவன் போட்டி போட முடியுமா?

இப்போது காலத்துக்கு வருவோம். காலத்தைச் சொல்வதில் மிக நம்பகமான சாட்சி சாயம்.

1856 வரை உலகத்தில் ஏறக்குறைய எல்லாச் சாயமும் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் வந்தவை. சிவப்புக்கு மஞ்சிட்டி வேரும் அரக்கும், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பலவகைப் பூக்களும் பட்டைகளும், பிடிப்புக்குப் படிகாரம். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டான். 1859-க்குள் ஃபுக்சின் என்ற கரு ரோஸ் வந்தது. 1868-இல் மஞ்சிட்டி இனத்து வேரின் சாயப்பொருளையே ஜெர்மானியர்கள் செயற்கையாகச் செய்தார்கள். 1897-இல் செயற்கை நீலம் கடைக்கு வந்தது. நம் அவுரிச் சாகுபடி படுத்தது.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. செயற்கை நீலத்தின் சாயப்பொருளும் அவுரியில் இருப்பதும் ஒன்றே. வேர்ச் சிவப்பும் அப்படித்தான். ஆகவே நல்ல சிவப்பையும் நல்ல நீலத்தையும் கண்ணால் பார்த்து வயது சொல்ல முடியாது. காட்டிக்கொடுப்பவை ஊதா, ரோஸ், ஆரஞ்சு, பச்சை. கம்பளி மயிரை விரலால் பிரித்து, நுனியையும் அடியையும் ஒப்பிடுங்கள். அடியில் பளீரென்று ரோஸ் அல்லது ஊதா, நுனியில் சாம்பல் என்றால் அது தொடக்ககால ரசாயனச் சாயம். இயற்கைச் சாயம் வெளுத்தாலும் தன் குணத்திலேயே மெல்ல வெளுக்கும். இயற்கைப் பச்சை அவுரி நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றியது. மஞ்சள் முதலில் போய்விடுவதால் பழைய இலைகள் நீலப் பச்சையாகத் திரும்பியிருக்கும். இன்னொரு அருமையான தடயம் கறுப்பு. இரும்புச் சத்துப் போட்டுச் செய்த கறுப்பும் கரும்பழுப்பும் காலப்போக்கில் கம்பளியையே அரித்துவிடும். சுற்றியிருக்கும் சிவப்பும் நீலமும் உயரமாக நிற்க, கறுப்புக் கோடு மட்டும் பள்ளமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். இதைப் போலியாகச் செய்வதும் உண்டு. ஆனால் அப்போது பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கும்.

மேசைமேல் இருப்பதில் கறுப்பு அரிக்கவில்லை. ரோஸ் நிறம் அடியிலும் நுனியிலும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கிறது. ஈரத் துணியால் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பரவிய, வெளுக்காத குரோம் வகைச் சாயத்தின் குணம் இது. ஒரு கம்பளத்தில் எது மிகப் புதிய சாயமோ, அதற்கு முன்னால் அந்தக் கம்பளம் பிறந்திருக்க முடியாது. பின்னால் ரிப்பேர் செய்த இடங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பின்பக்கம் பார்த்தால் புது முடிச்சு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

என் தீர்ப்பு: பதோஹி–மிர்சாப்பூர், 1960-களிலோ 70-களிலோ நெய்தது. பாரசீகமும் இல்லை, நூறு வருஷமும் இல்லை. ஆனால் நல்ல கம்பளி, நேர்மையான வேலை. இன்னும் இரண்டு தலைமுறை தாங்கும்.

பிறகு ஏன் இது அவ்வளவு பழையதாகத் தெரிகிறது? இங்கேதான் சென்னைவாசிகள் ஏமாறுகிறோம். தேய்மானத்தை வயதென்று எடுத்துக்கொள்கிறோம். வறண்ட ஊரில் நூறு ஆண்டில் ஆகும் சேதம், நம் ஈரக்காற்றில் இருபது ஆண்டிலேயே ஆகிவிடும். பருத்திப் பாவு இற்றுப்போய், மடித்தால் படக்கென்று ஒடியும் சத்தம் கேட்கும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்று பாவை மட்டும் விட்டுவைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர் நின்றதே, அந்த வீடுகளில் நனைந்த கம்பளங்கள் ஒரே வாரத்தில் ஐம்பது வயது கூடிப்போயின. சாயம் கலங்கி, பூஞ்சை ஏறி, பாவு கறுத்துவிட்டது. அவற்றில் பல பின்னால் ‘புராதனப் பொருள்’ என்ற பெயரில் கைமாறின. உண்மையான பழமை வேறு மாதிரி: பின்பக்க முடிச்சுகளின் தலை தட்டையாகி வழவழவென்று இருக்கும், தேய்மானம் வாசல் பக்கம் அதிகமாகவும், கட்டிலுக்கு அடியில் இருந்த பக்கம் குறைவாகவும் இருக்கும். மேல்பக்கம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், மழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

சில கம்பளங்களில் ஆண்டையே, பெரும்பாலும் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டாக, நெய்திருப்பார்கள். ஹிஜ்ரி ஆண்டை 33-ஆல் வகுத்து, வந்ததை ஹிஜ்ரி ஆண்டிலிருந்து கழித்து, 622-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளத்தில் 946 என்று இருக்கிறது, அது 1539–40. ஆனால் எண்ணை நம்புவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள். ஒரே ஒரு இலக்கத்தைப் பிரித்து மறுபடி முடிச்சிட்டு, நூறு ஆண்டு கூட்டிவிடுவது பழைய வித்தை.

ஏற்றுமதிச் சீட்டை வைத்து வயது சொல்லும் வழியை வெளிநாட்டுப் புத்தகங்களில் படிப்பீர்கள். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நம் வீட்டுக் கம்பளங்களில் பெரும்பாலானவை கப்பலே ஏறாதவை. சீட்டு இல்லாததால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் இந்திய ஏற்றுமதிக் கம்பளங்களுக்கான ‘காலீன்’ முத்திரை இருந்தால் அது 1995-க்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆய்வகச் சோதனையைப் பலர் கேட்கிறார்கள். கார்பன் காலக்கணிப்பு 1650-க்குப் பிந்தைய கம்பளிக்குத் தெளிவான விடை தராது. ஒரு விலக்கு: 1950-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்–14 அளவை ஏற்றிவிட்டன; அதற்குப் பின் கத்தரித்த கம்பளி உடனே பிடிபடும். வீட்டுக் கம்பளத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை.

சட்டம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள் தொல்பொருளாகிறது. அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாட்டியின் கம்பளத்தைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறுமுன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘நூறு வருஷப் பொருள்’ என்று பெருமையாகச் சொன்னது அங்கே உங்களுக்கே எதிராக நிற்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ரத்தினக் கம்பளமோ பழைய கம்பளி விரிப்போ இருந்தால், இந்த வாரம் அதை வெளியே எடுங்கள். பகல் வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணிக் குறியுங்கள். வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருஷம், அப்போது எந்த வேலையில் இருந்தார். ஒரு சிறு காடாத் துணியில் அழியாத மையால் அதை எழுதி, கம்பளத்தின் பின்மூலையில் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். விற்கும்போதும் அந்தத் துணியைப் பிரிக்காதீர்கள். வாலாஜாபேட்டை, அய்யம்பேட்டை, வேலூர் என்ற பெயர் யார் வாயிலாவது வந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்.